அணுகுண்டுக் கட்டு

மழை வந்தால் சங்கிலிமுத்துவின் வீட்டில் மூன்று பேருக்கும் வேலை நின்றுவிடும். அவரும் அவர் மனைவி முருகம்மாளும் போவது பட்டாசு ஆபீஸுக்கு. வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. ஈரக்காற்றில் எதுவும் காயாது என்பதால் மழையன்று ஆள் ஏற்றுகிற வேன் வராது. அது ஊரறிந்த லீவு. மூன்றாவது ஆள் மகள் வேல்விழி. அவள் வேலை வீட்டுக்குள்ளே, நாலு சுவருக்கு நடுவே, மின்விசிறிக்குக் கீழே. அதுவும் ஏன் மழைக்கு நிற்கவேண்டும் என்பதுதான் அந்த வீட்டில் யாருக்கும் விளங்காத சங்கதி.

வேல்விழி பி.எஸ்ஸி. முடித்தவள். கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே போன் எடுத்துப் பேசுகிறாள். வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை, கதவு திறக்கவில்லை என்று எங்கெங்கிருந்தோ கூப்பிடுகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லவேண்டும். அந்த வீட்டில் வாஷிங் மெஷின் கிடையாது, வாசல் கல்லில்தான் துணி துவைக்கிறார்கள். ஆனாலும் எந்தப் பொத்தானை எத்தனை விநாடி அமுக்கவேண்டும் என்பதை அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். அதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பதில் சங்கிலிமுத்துவுக்கு ஒரு சுகம். மகள் 'சார்' என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும், எதிர்முனையில் இருப்பவன் மகளைச் 'சார்' என்று சொல்வதாகவே அவர் காதில் விழும்.

வேலை மூன்று மாதம் தற்காலிகம். அதற்குள் பேச்சு நடுவே லைன் அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் நிரந்தரம். இல்லையென்றால் இல்லை.

இல்லையென்றால் என்ன என்பது அந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். பத்து வருடத்துக்கு முன்னால் ஆபீஸில் பக்கத்து அறை தீப்பிடித்தபோது முருகம்மாளின் வலது கையில் முழங்கை வரைக்கும் தோல் சுருங்கிப்போனது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சங்கிலிமுத்து, "எம் மக அந்த ஆபீஸ் கேட்டுக்குள்ள காலு வைக்கமாட்டா" என்று சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். சொன்ன மனுஷன் இருபதாம் நாள் அதே கேட்டுக்குள் போனார். கை ஆறியதும் முருகம்மாளும் போனாள். வேறு எங்கே போவது? ஆனால் மகள் விஷயத்தில் சொன்ன சொல் நின்றது. வேல்விழிக்கு இருபத்துமூன்று வயதாகிறது, இன்றுவரைக்கும் அவள் அந்த வேனில் ஏறியதில்லை.

வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது ஆவணியில். தெருமுனைக் கம்பத்திலிருந்து ஒரு கறுப்பு ஒயர் புறப்பட்டு, மொட்டைமாடி மூலைக்கு வந்து, அங்கிருந்து சுவரோரமாக இறங்கி வீட்டுக்குள் ஒரு வெள்ளைப் பெட்டியில் முடிந்தது. மிச்ச ஒயரை வளையமாகச் சுருட்டி மாடி மூலையில் ஒரு ஆணியில் தொங்கவிட்டுப் போனான், போட வந்த பையன். ஆவணிக் காற்று லேசுப்பட்டதா? இரண்டே நாளில் ஆணி பிடுங்கிக்கொண்டது. வளையம் சரிந்து தெருவில் தொங்க, வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று அதை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. நல்லவேளையாக முருகம்மாள் பார்த்துச் சத்தம் போட்டாள்.

அன்று சாயங்காலம் சங்கிலிமுத்து மாடிக்குப் போனார். கையில் சணல் கண்டு.

இங்கே அவருடைய தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் அணுகுண்டு கட்டுகிறவர். தீபாவளிக்குத் தெருவை அதிரவைக்கிற பச்சை நிற உருண்டை வெடி இருக்கிறதே, அதற்கு மேலே சணல் சுற்றுகிற வேலை. மருந்து அடைத்த சின்னக் காகிதப் பெட்டியைக் கையில் வாங்கி, இப்படி நாலு, அப்படி நாலு, குறுக்கே நாலு என்று சந்து தெரியாமல் சுற்றி முடிக்கவேண்டும். மருந்து எல்லாருக்கும் ஒன்றுதான். கட்டு இறுக்கமாக இருந்தால்தான் சத்தம். கட்டு தளர்ந்தால் புஸ்ஸென்று போகும், வாங்கினவன் கம்பெனியைத் திட்டுவான். முப்பது வருடத்தில் சங்கிலிமுத்து கட்டிய வெடி ஒன்றுகூடப் புஸ்ஸென்று போனதில்லை என்று போர்மேன் சோலைமலை பொங்கல் பூஜையில் மைக்கிலேயே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கையால் ஒயர் வளையத்தை மாடி மூலையில் இருந்த இரும்புக் குழாயோடு சேர்த்துக் கட்டினார். இப்படி நாலு, அப்படி நாலு. கட்டி முடித்து இழுத்துப் பார்த்தார். இம்மி அசையவில்லை. "இனிமே டிராக்டர் இல்ல, ரயிலே வந்து இழுக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தார்.

புரட்டாசி பாதியில் முதல் மழை வந்தது. வெள்ளைப் பெட்டியில் பச்சையாக எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்து, ஓரத்தில் இருந்த இன்னொன்று சிவப்பாக மினுக்கியது. வேல்விழி பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நின்றது. அரைமணி நேரம் போராடினாள். பெட்டியை அணைத்துப் போட்டாள், ஒயரைப் பிடுங்கிச் சொருகினாள். மழை விட்டு, வெயில் வந்து, மாடி காய்ந்த பிறகு பச்சை தானாக வந்தது.

அடுத்த மழைக்கும் அப்படியே. அதற்கடுத்த மழைக்கும். செல்போன் இன்டர்நெட்டில் வேலை பார்க்கலாம் என்றால் கம்பெனி ஒத்துக்கொள்ளாது. லைன் வீட்டு லைனாகத்தான் இருக்கவேண்டும் என்பது விதி. பிளக் மாற்றினார்கள். பெட்டியை ஜன்னலிலிருந்து அலமாரிக்கு மாற்றினார்கள். முருகம்மாள் அதற்குத் திருநீறு பூசினாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை.

சங்கிலிமுத்து கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு குரல் பத்து நிமிடம் சொன்னது. பிறகு ஒரு பெண் வந்தாள்.

"சிரமத்துக்கு மன்னிக்கணும் சார். பெட்டியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்ய முடியுமா?"

"ஏம்மா, ஒம்போது தடவ அணைச்சுப் போட்டாச்சு. மழை பெய்ஞ்சா நிக்கிது, வெயிலடிச்சா வருது. இது என்ன லைனா, இல்ல காயப்போட்ட துணியா?"

"உங்க சிரமம் புரியுது சார்."

"என்னத்தப் புரியுது? ஒனக்கு ஒரு மண்ணும் புரியல!"

வேல்விழி அவர் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி வைத்தாள். "வையாதீங்கப்பா. அங்க இருக்கவளும் என்னைய மாதிரி ஒருத்திதான். எதிர்ல எழுதி வச்சிருக்கிறதத்தான் படிக்க முடியும். நீங்க கத்துனாலும் அவ அதத்தான் படிக்கணும்."

அன்றிலிருந்து சங்கிலிமுத்து கஸ்டமர் கேரில் யாரையும் வைததில்லை. வையாமல் இருந்தது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வைதாலாவது எதையோ செய்த மாதிரி இருக்கும்.

ரிப்பேர் பார்க்க விக்னேஷ்குமார் என்ற பையன் வந்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். ஆனால் அவன் வந்த நாளெல்லாம் வெயில். புகார் கொடுத்தால் மழை விட்ட மறுநாள்தான் வருவான். வெள்ளைப் பெட்டிக்குப் போகிற ஒயரைக் கழற்றி, கையில் இருந்த மீட்டரில் சொருகிப் பார்ப்பான்.

"ஒயர்ல வெளிச்சம் சூப்பரா வருது அண்ணாச்சி. ஒரு கொறையும் இல்ல."

"தம்பி, மழை பெய்யும்போது வந்து பாருங்க. அப்பத்தான் தெரியும்."

"மழையில கம்பத்துல ஏணி போடக்கூடாது அண்ணாச்சி. மேலேயே கரண்ட் லைனு போகுதுல்ல. போன வருசம் எங்காளு ஒருத்தன் விழுந்துட்டான்."

உயிருக்குப் பயப்படுகிறவனைக் குறை சொல்கிற ஊர் இல்லை அது. விக்னேஷ்குமார் பெட்டியை மாற்றினான். வீட்டுக்குள் போகிற ஒயரைப் புதிதாகப் போட்டான். மாடிக்கும் ஏறிப் பார்த்தான். இரும்புக் குழாயில் இருந்த கட்டை விரலால் தட்டி, "யாரு கட்டுனது? எங்க கிளிப்பெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்காது போலயே" என்றான். சங்கிலிமுத்து அன்று முழுக்க அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டு திரிந்தார்.

அவன் போனதும் தானியங்கிக் குரல் ஒன்று போனில் வரும். உங்கள் புகார் தீர்க்கப்பட்டதா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும், இல்லை என்றால் இரண்டை அழுத்தவும். சங்கிலிமுத்து ஒவ்வொரு தடவையும் இரண்டை அழுத்தினார். அந்த இரண்டு எங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவர் செய்கிற காரியம் இன்னொன்றும் உண்டு. வெயில் வந்ததும் மாடிக்குப் போய்க் கட்டைத் தொட்டுப் பார்ப்பார். நனைந்து காய்ந்த சணல் கொஞ்சம் தளர்ந்திருக்கும். 'இதுதான் விஷயம், காத்து மழைக்கு ஒயர் ஆடுது, அதான் நிக்கிது' என்று தோன்றும். மேலே இன்னும் நாலு சுற்றுச் சுற்றி இழுத்து முடிச்சுப் போடுவார். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. வேல்விழி உள்ளே யாரோ ஒரு சாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்க எந்தத் தகப்பனால் முடியும்?

தீபாவளி போய், பூஜை போட்டு ஆபீஸ் திறந்து, கார்த்திகை பிறந்தது. மூன்று மாதம் முடிகிற நாள் ஒரு சனிக்கிழமை. புதன்கிழமையே மேலதிகாரி கீர்த்திகா போனில் பேசினாள். கீர்த்திகாவை வேல்விழி நேரில் பார்த்ததில்லை. கண்டிப்பும் இரக்கமும் கலந்த ஒரு குரல், அவ்வளவுதான்.

"வேல்விழி, உன் பேச்சுல ஒரு குறையும் இல்லம்மா. டீம்லயே நீதான் நல்லாப் பேசுற. ஆனா லைன் அறுந்த கணக்கு எல்லையத் தொட்டு நிக்குது. சனிக்கிழமை வரைக்கும் இன்னொரு தடவை போச்சுன்னா கம்ப்யூட்டரே உன் ஐடியை மூடிடும். நான் நெனச்சாலும் தெறக்க முடியாது."

வியாழன் வெயில். வெள்ளியும் வெயில். டிவியில் மட்டும் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்த சங்கிலிமுத்து சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்குப் போனார். பழைய கட்டுக்கு மேலே புதுச் சணலால், ஆபீஸில் பெரிய வெடிக்குக் கட்டுகிற மாதிரி, சந்து விடாமல் சுற்றினார். காலைக் குழாயில் உதைத்துக்கொண்டு இழுத்தார். உள்ளங்கை சிவந்துபோனது. இறங்கி வந்து, "நாளைக்கு ஒண்ணும் ஆகாது தாயி. அப்பா பாத்துக்கிட்டேன்" என்றார். வேல்விழி சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து வானம் மூடிக் கிடந்தது. வேன் வரவில்லை. ஒன்பது மணிக்கு வேல்விழி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்கள். உள்ளே பச்சை விளக்கு, வெளியே கறுத்த மேகம். இரண்டுக்கும் நடுவில் செய்வதற்கு அவர்களுக்கு ஒன்றுமில்லை.

"வெம்பக்கோட்டை டேமு நெறைஞ்சுதானே கெடக்கு. இன்னும் எதுக்கு இந்த மழை?" என்றாள் முருகம்மாள்.

"ஒரு நாளு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எம்புட்டு வேணாலும் பேயட்டும்" என்றார் அவர்.

பத்தரைக்குத் தூறல் ஆரம்பித்தது. பதினொன்றுக்குச் சடசடவென்று பிடித்தது. சங்கிலிமுத்து அறை வாசலில் போய் நின்றுகொண்டார். பச்சை அசையவில்லை. பதினொன்றரை. மழையில் பச்சை இவ்வளவு நேரம் நின்றதே இல்லை என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. புதுச் சணல் ஊறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பது அப்போது அவர் புத்தியில் ஏறவில்லை.

"...பயப்படாதீங்கம்மா, கதவு அஞ்சு நிமிஷத்துல தானாத் தெறந்துக்கும்" என்று வேல்விழி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "உள்ள தண்ணி இருந்தா முதல்ல..."

சிவப்பு மினுக்கியது.

"ஹலோ? அம்மா? கேக்குதாம்மா?" அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். "யப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சங்கிலிமுத்து குடைகூட எடுக்கவில்லை. டி.வி.எஸ்ஸை உதைத்துக் கிளப்பி, அந்த மழையில் மூன்று மைல் வெம்பக்கோட்டை பஜாருக்குப் போனார். விக்னேஷ்குமார் டீக்கடையில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான். சொட்டச் சொட்ட வந்து நின்ற மனிதரைப் பார்த்ததும் டீயை வைத்துவிட்டான்.

"தம்பி, கம்பத்துல ஏற வேண்டாம். எங்க வீட்டு மாடிக்கு மட்டும் வாங்க. ஒரே ஒரு தடவ மழையில பாத்துருங்க." கை கும்பிட்டபடி இருந்தது. இருபத்தாறு வயதுப் பையனைக் கும்பிடுகிறோமே என்ற கூச்சமெல்லாம் மழையில் போய்விட்டது.

"ஐயோ, கையக் கீழ போடுங்க அண்ணாச்சி. வாரேன்."

வீட்டுக்கு வந்து மீட்டரைச் சொருகினான் விக்னேஷ்குமார். முகம் மாறியது. "சுத்தமா வெளிச்சமே வரலையே" என்றான். இத்தனை மழையில் முதல் தடவையாக அந்த வீட்டின் நோயை ஒரு வைத்தியன் நேரில் பார்த்தான். ஒயரைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாகப் போய், மாடிக்கு ஏறினான். சங்கிலிமுத்து பின்னாலேயே போனார்.

இரும்புக் குழாய்க் கட்டில் அவன் கை நின்றது. அமுக்கிப் பார்த்தான். சணல் ஊறிக் கல்லாக இறுகியிருந்தது. உள்ளே போகிற ஒயர் அந்த இடத்தில் ஒடிந்த விரல் மாதிரி மடங்கியிருந்தது.

"கத்தி இருக்கா?"

முருகம்மாள் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவன் சிரிக்கவில்லை. தன் பையிலிருந்தே பிளேடை எடுத்து மெதுவாக அறுத்தான். நாலு சுற்று, எட்டு, பன்னிரண்டு. ஒவ்வொரு சுற்றையும் சங்கிலிமுத்துவால் அடையாளம் சொல்லமுடியும், எந்த மழைக்குப் பிறகு எதைச் சுற்றினார் என்று. கடைசிச் சணல் அறுந்ததும் ஒயர் வளையம் மூச்சு விட்டதுபோல் விரிந்தது.

கீழே இருந்து வேல்விழி கத்தினாள். "பச்சை வந்துருச்சு!"

விக்னேஷ்குமார் மழையில் உட்கார்ந்துவிட்டான். "ஒயருக்குள்ள இருக்கது கண்ணாடி நூலு அண்ணாச்சி. அதுக்குள்ள வெளிச்சம் ஓடுது. ரொம்ப மடங்குனா ஓடாது. சணல் நனைஞ்சா இறுகுது, ஒயரை மடக்குது. காஞ்சா விடுது. நான் வாரப்பல்லாம் காஞ்சு கெடந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நானும்தான் இதத் தட்டிப் பாத்துட்டுப் போனேன். எனக்கும் தோணலையே" என்றான்.

நனைந்தால் சணல் இறுகும் என்பதைச் சங்கிலிமுத்துவுக்கு யாராவது சொல்லித் தரவேண்டுமா? முப்பது வருடமாக அவர் விரலுக்குத் தெரிந்த சங்கதி அது. மழைக்காலத்தில் சணலின் முறுக்கு மாறும் என்று புது ஆட்களுக்கு அவர்தான் சொல்லிக் கொடுப்பார். வெடிக்குத் தெரிந்தது வீட்டுக்குத் தெரியாமல் போய்விட்டது. மகளுடைய கழுத்தைத் தன் கையாலேயே இப்படி நாலு, அப்படி நாலு என்று சுற்றி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே, அறுந்து கிடந்த சணலைப் பொறுக்கி எடுத்தார்.

கீழே வந்தார். வேல்விழி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அவருக்குப் படிக்கத் தெரியாது, படிக்கவும் தேவைப்படவில்லை. கீர்த்திகாவின் குரல் போனில் கேட்டது: "பன்னெண்டு அஞ்சுக்கே மூடிடுச்சும்மா. நான் சொல்லிப் பாத்துட்டேன். என் கையில இல்ல."

"பரவால்ல மேடம். தேங்க்ஸ் மேடம்" என்றாள் வேல்விழி. அந்தக் குரலிலும் ஒரு பிசிறு இல்லை. நல்லாத்தான் பேசினாள்.

சங்கிலிமுத்து அறுந்த சணலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தரையில் சொட்டியது. "நாந்தாந்தாயி" என்றார். "நான் கட்டுனதுதான் தாயி எல்லாம். ஒயர் பழுதில்ல, மழை பழுதில்ல. எங் கைதான்."

வேல்விழி சணலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்க் கொடியில் கிடந்த துண்டை எடுத்து வந்து கொடுத்தாள். "தலையத் தொவட்டுங்கப்பா" என்றாள். அப்போதுதான் அவர் அழுதார். முருகம்மாள் சுருங்கிய கையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விக்னேஷ்குமார் புது கிளிப் இரண்டு அடித்து ஒயரை ஒழுங்காகப் போட்டுவிட்டுக் கிளம்பினான். அவன் வண்டி தெருமுனை திரும்பியிருக்காது, சங்கிலிமுத்துவின் போன் அடித்தது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டதா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்.

அவர் விரல் போனுக்கு மேலே நின்றது.

"ஒண்ண அமுக்குங்கப்பா" என்றாள் வேல்விழி. "சரியாப் போச்சுல்ல. நீங்க ரெண்ட அமுக்குனா அந்த அண்ணனுக்குத்தான் மார்க்கு போகும். பாவம், மழையில வந்தாக."

ஒன்றை அழுத்தினார். நன்றி என்றது குரல்.

மழை வலுத்துப் பெய்தது. தெருவில் தண்ணீர் ஓடியது. இடி இடித்தது. வெள்ளைப் பெட்டியில் பச்சை விளக்கு கண் கொட்டாமல் எரிந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வேல்விழி ஹெட்போன் ஒயரைச் சுருட்டி, அது வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைத்தாள். திருப்பி அனுப்பவேண்டும்.

பெட்டியை மூடிவிட்டு, நிமிராமலே கேட்டாள். "யப்பா, மழை விட்டதும் திங்கக்கெழமை வேன் வரும்ல? அதுல எனக்கும் ஒரு எடம் இருக்குமா?"

இருக்கிறது என்று சொல்லச் சங்கிலிமுத்துவுக்கு வாய் வரவில்லை. இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் வேறு எதுவும் மிச்சமில்லை. அந்த வேனில் இடம் எப்போதும் இருக்கும்.